மாடியறையில் டக் டக்

அத்தியாயம் 11

மூன்று வாரங்களில் மூன்று மொட்டைக் கடிதங்கள். மூன்றும் போய்ச் சேர்ந்தது கோலகுபு பாருவில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு. மூன்றிலும் ஒரே சங்கதிதான். கோலசிலாங்கூர் சாப்பாட்டுக் கடை ஷேக் தாவூதின் மகள் கைருன்னிசாவுக்கு வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள், உஷார்.

அந்தக் கடிதங்களை மாப்பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்து எடுத்து, கைருன்னிசாவின் தாய் கதீஜாவின் மடியில் போட்டுவிட்டுப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். போகும்போது அந்த அம்மாள் சொன்ன வார்த்தையையும் கேட்டோம். "எழுதுனது யாருன்னு கண்டுபிடிச்சு வைங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வர்றோம். வீட்டுக்குள்ளேயே பகை இருந்தா நாங்க எப்படிப் பொண்ணு எடுக்குறது?"

இன்று புதன்கிழமை. கதீஜா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வலிப்பு வந்தது உண்மைதான். கைருன்னிசாவுக்குப் பன்னிரண்டு வயதில், கடும் காய்ச்சலில், ஒரே ஒரு தடவை. டாக்டர் அப்போதே பயமில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரு தலைவலி வந்ததுகூட இல்லை. விஷயம் தெரிந்தவர்கள், அந்தப் பெண்ணைத் தவிர, நான்கே பேர். கதீஜா, அவள் கணவர் ஷேக் தாவூது, மகன் உதுமான், எட்டு மாதத்துக்கு முன் அவனைக் கட்டிக்கொண்டு தெலுக் இந்தானிலிருந்து வந்த மருமகள் சல்மா.

சல்மாவுக்குச் சொன்னது யார்? சாட்சாத் கதீஜாவேதான். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பேச்சோடு பேச்சாக வாயை விட்டுவிட்டாள்.

அதோடு இன்னொன்று. கடிதங்கள் கையால் எழுதியவை அல்ல. தமிழ்ப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடித்திருந்தார்கள். சல்மாவோ கல்யாணத்துக்கு முன் கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். இதற்கு மேல் கூட்டிக் கழித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

கூட்டிக் கழித்து விடை சொன்னவர் ஷேக் தாவூதுதான். இந்தச் சம்பந்தத்தைத் தேடிக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பதால் அவர் பேச்சுக்கு வீட்டில் எடை கூடியிருந்தது. காலையில் பசியாறும்போதே ஆரம்பித்தார்.

"உதுமானைச் சாமான் எடுக்கக் கிள்ளானுக்கு அனுப்பிட்டேன். சாயந்திரம்தான் வருவான்."

"இன்னைக்கு என்ன அவசரம்?"

"நாலு மணிக்கு டாக்சிக்குச் சொல்லிடறேன். மருமகளை அவங்க உம்மா வீட்டுக்கு அனுப்பிரு. வெள்ளிக்கிழமை வர்றவங்ககிட்ட, எழுதுனது யாருன்னு தெரிஞ்சு போச்சு, அனுப்பிட்டோம்னு சொல்லிரலாம்."

கதீஜாவின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. "நேருல ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா ஒத்துக்குவாளா? டைப் அடிக்கத் தெரிஞ்சவ இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

அவர் கை கழுவிக்கொண்டு கீழே கடைக்குப் போய்விட்டார். இன்னொரு உண்மையும் கதீஜாவிடம் இருந்தது. அதை அவள் கணவரிடம்கூட இதுவரை சொல்லவில்லை. சல்மாவின் அறைக்குள்ளிருந்து தினமும் டைப் அடிக்கும் சத்தம் வருகிறது.

பத்து மணிக்கு அது ஆரம்பிக்கும். ஆண்கள் கீழே கடையில் இருக்கும் நேரம். கதவு சாத்தியிருக்கும், உள்ளே தாழ்ப்பாள். பேச்சு மூச்சு இருக்காது. டக் டக் டக் டக் என்று விரல் விழும் சத்தம் மட்டும்.

இன்றும் பத்து மணி ஆனது. கதீஜா செருப்பைக் கழற்றாமல், அதே சமயம் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்க முயன்று, மருமகளின் கதவில் காதை வைத்தாள்.

டக் டக். டடக். டக் டக்.

டைப்ரைட்டர் என்றால் வரி முடியும்போது ஒரு மணி அடிக்க வேண்டும். இதில் மணி அடிக்கவில்லை. மணியைத் துணி போட்டுச் சுற்றி வைத்திருப்பாள் என்று கதீஜா முடிவு கட்டினாள். சந்தேகம் மட்டும் வந்துவிட்டால் நமக்கெல்லாம் மூளை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பாருங்கள்.

"உம்மா, என்ன பண்றீங்க?"

பின்னால் கைருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். கையில் உரித்த வெங்காயம்.

"ஒட்டடை இருக்கான்னு பாக்குறேன்."

"காதால பாக்குறீங்களா?"

கதீஜா மகளைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "உள்ள என்ன சத்தம்னு கேட்டியா நீ?"

"கேட்டேன். அதுக்கு? மதினி அப்படி எழுதுற ஆளு இல்ல உம்மா."

"எட்டு மாசப் பழக்கத்துல உனக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்."

"எழுதுனவங்களுக்கு என்னால ஏதாச்சும் ஆவணும். நான் போனா மதினிக்கு என்ன லாபம், இருந்தா என்ன நட்டம்? சும்மா இருங்க லா." வெங்காயத்தை நறுக்க உட்கார்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தானா என்று கதீஜா கேட்கவில்லை. கேட்டால் தானும் அழ வேண்டியிருக்கும்.

ஒரு சாவியை எடுத்துக்கொண்டு கதீஜா மறுபடி போனாள். பழைய கடைவீட்டுத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து சாவியால் நெம்பினால் தூக்கிவிடும். நெம்பினாள். கதவு திறந்தது.

சல்மா ஜன்னலைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுக்கு மேலே இரண்டு காதையும் மூடிய ஹெட்போன். மடியில் முழ நீளத்துக்கு ஒரு காசியோ கீபோர்டு. அதன் வெள்ளைக் கட்டைகள் மேல் விரல்கள் விழுந்துகொண்டிருந்தன. பிளாஸ்டிக் கட்டைகள் அடிவாங்கும் சத்தம்தான் டக் டக் என்று வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு டேப் ரெக்கார்டர்கள், நடுவில் பின்னிக் கிடக்கும் வயர்கள்.

கதீஜா ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். தலையணையைத் தூக்கினாள். அப்போதுதான் சல்மா திரும்பினாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"மாமி."

"டைப்ரைட்டர் எங்க?"

"என்ன டைப்ரைட்டர் மாமி?"

"அப்ப இது என்ன?"

சல்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மியூசிக் மாமி. மாமாவுக்கு வீட்டுல வாத்தியம் எதுவும் ஆவாதுன்னு அவங்க சொன்னாங்க. அதான் வெளிய கேக்காம பண்றேன். அவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது ரெக்கார்டர் அவங்கதான் கோலாலம்பூர்லேருந்து வாங்கிட்டு வந்தாங்க."

அவங்க என்றால் உதுமான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாத உதுமான். கதீஜா அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

"கேளுங்க மாமி. கேட்டுட்டுத் திட்டுங்க."

காதில் ஹெட்போனை வைத்தபோது கதீஜா ஏதோ சினிமாப் பாட்டு வரும் என்று நினைத்தாள். பாட்டு வரவில்லை. அடியில் கனமாக ஒரு முழக்கம் மட்டும், பாலத்தில் சரக்கு லோரி ஏறுவதுபோல. அதற்கு மேலே மெல்லிசாக ஒரு சுரம். நடுவே சரக், சரக் என்று யாரோ நடந்து வருகிறார்கள். நடந்து வந்து நிற்கிறார்கள். முழக்கமும் நிற்கிறது. கதீஜாவுக்கு முதுகில் சிலிர்த்தது.

"இதுல பாட்டே இல்லையே."

"பாட்டு இல்ல மாமி. படத்துல ஒரு ஆளு பேசாம நடந்து போறப்ப பின்னால ஓடுமே, அது. முதல்ல ஒரு சத்தத்தை ஒரு டேப்புல புடிச்சுக்குவேன். அதை ஓட விட்டு, கூடவே கீபோர்டு வாசிச்சு, ரெண்டையும் சேத்து இன்னொரு டேப்புல புடிப்பேன். அப்புறம் அது மேல இன்னொண்ணு."

"எந்தப் படத்துக்கு?"

"படம் இன்னும் யாரும் எடுக்கல மாமி. எனக்குள்ளயே ஒரு கதை நினைச்சுக்குவேன்."

"நடக்குறது யாரு?"

சல்மா தயங்கினாள். "நீங்கதான். கொஞ்ச நாளா கதவுகிட்ட ஒரு செருப்புச் சத்தம் வந்து வந்து நிக்கும். நல்லா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் கதீஜா சிரித்திருப்பாள். ஒட்டுக்கேட்கப் போனவளையே பிடித்து மியூசிக் ஆக்கிவிட்டாள் இந்தப் பெண். ஆனால் இன்று புதன்கிழமை. டைப்ரைட்டர் இல்லை என்பது சரி. டைப் அடிக்கத் தெரிந்த கை இருக்கிறதே. வெளியில் எங்காவது அடித்திருக்கலாமே. கதீஜா மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் முன்னால் போட்டாள்.

"இத யாரு அடிச்சது? மூணு வாரமா மாப்பிள்ளை வீட்டுக்குப் போவுது."

இந்தக் கடிதங்களைப் பற்றிச் சல்மாவிடம் இதுவரை யாரும் மூச்சு விடவில்லை. சந்தேகப்படுகிற ஆளிடம் யார் சொல்வார்கள்? அவள் எடுத்துப் பார்த்தாள். முதலில் எழுத்தைத்தான் பார்த்தாள், படிக்கவில்லை. தொழில் செய்தவள் கண் அப்படித்தான் போகும்.

"ஒத்த விரல்ல அடிச்சது மாமி இது. பாருங்க, பெரிய எழுத்தெல்லாம் வரியில நிக்காம மேலயும் கீழயும் ஆடுது. ஷிஃப்டை முழுசா அமுக்காம அடிச்சா இப்படித்தான் ஆவும். எங்க வக்கீல் பாத்தா மூஞ்சியில வீசிருப்பாரு."

பிறகு படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது. கடிதத்தை மடித்தாள். கண் மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜன்னலோரம் அடுக்கியிருந்த கேசட்டுகள் பக்கம் போய்த் திரும்பியது.

"என்ன, பேச்சைக் காணோம்? நாலு மணிக்கு டாக்சி வருது. உங்க உம்மா வீட்டுக்குப் போறே நீ."

"சரி மாமி. போயிடறேன்."

கதீஜா திகைத்துவிட்டாள். அழுவாள், சத்தியம் பண்ணுவாள், குர்ஆனைக் கொண்டு வாங்க என்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். செய்யாதவள் இப்படியா சம்மதிப்பாள்? செய்தவளாவது இப்படிச் சம்மதிப்பாளா?

"ஏன் எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற?"

"பேசுனா உங்களுக்குத்தான் கஷ்டம் மாமி."

"அந்த கேசட்டைப் பாத்தியே, அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"போடு."

"வேணாம் மாமி. நான் போயிடறேன்னு சொல்லிட்டேன்ல."

"போடுன்னேன்."

சல்மா போட்டாள். ஹெட்போனை மாமியாரின் காதில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

இதில் முழக்கம் இல்லை, சுரம் இல்லை. நிஜமான டைப்ரைட்டர் சத்தம். டக். நீண்ட இடைவெளி. டக். டக். ஸ்டூல் கிறீச்சிடுகிறது. ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிக்கிறார்.

"பன்னண்டு... வயசுல... வலிப்பு..."

முப்பத்தொரு வருஷமாகக் கேட்ட குரல். கடையில் கணக்குப் பிள்ளையை அதட்டுகிற குரல், பிள்ளைகள் பிறந்தபோது காதில் பாங்கு சொன்ன குரல். கதீஜா ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று இன்னொரு தரம் கேட்டாள். வேறு யாரும் இல்லை.

"எப்ப எடுத்தது இது?"

"மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை. நீங்களும் கைருவும் புக்கிட் ரோத்தான் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. கீழ ஸ்டோர்ல டைப்ரைட்டர் சத்தம் கேட்டுச்சு. கேட்டு எத்தனை மாசமாச்சு எனக்கு. ரெக்கார்டரைப் பின் படியில வச்சிட்டுத் தொழப் போயிட்டேன். மாமா வர்த்தகர் சங்கத்து மிஷினைக் கொண்டாந்து ஏதோ சங்கத்து லெட்டர் அடிக்கிறாங்கன்னு நினைச்சேன். சத்தத்தைத்தான் எடுத்துக்கிட்டேன் மாமி. வார்த்தையைக் கவனிக்கவே இல்ல. இப்ப இந்தக் கடுதாசியைப் படிச்சப்புறம்தான்..."

அவள் மடித்த கடிதத்தை மாமியாரிடம் நீட்டினாள்.

கதீஜாவுக்கு முதலில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இத்தனை நாளும் இந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோமே, தப்பான கதவு ஆயிற்றே என்ற வெட்கம். கோபம் அதற்குப் பின்னால் வந்தது. தானே எழுதிவிட்டு, காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, அனுப்பிரு என்று எப்படிச் சொல்ல முடிந்தது இந்த மனிதரால்?

ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. தானே தேடிய சம்பந்தம். தானே கோலகுபு பாருவுக்கு நாலு நடை நடந்து பேசி முடித்த இடம்.

லுஹர் தொழுதுவிட்டு ஒன்றரை மணிக்கு ஷேக் தாவூது சாப்பிட மேலே வந்தார். மேசையில் சாப்பாடு இல்லை. டேப் ரெக்கார்டர் இருந்தது.

"என்ன இது, ரேடியோ கடையா?"

"உங்க மருமகளோடது. இத மாட்டிக்கிட்டுக் கேளுங்க."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"கேளுங்க."

அவர் தொப்பிக்கு மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சல்மா பொத்தானை அமுக்கினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கேசட்டின் சின்னச் சக்கரங்கள் மட்டும் சுற்றின. கதீஜா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையைத் தட்டிக்கொண்டிருந்த அவர் வலது கை நின்றது. கண் இமைக்கவில்லை.

அவர் கத்தினால் என்ன சொல்வது என்று கதீஜா யோசித்து வைத்திருந்தாள். அழுதால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். தாங்கிக்கொண்டிருப்பாள், இரண்டையுமே.

ஷேக் தாவூது ஹெட்போனைக் கழற்றி நிதானமாக மேசையில் வைத்தார்.

"ஒண்ணும் கேக்கலையே. மிஷின் கெட்டுப் போச்சு போல."

"கேக்கலையா?"

"இல்ல. டாக்சிக்காரன் நாலுக்கு வந்துருவான். அவ சாமானெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

கடிதம் எழுதியதைவிட இதுதான் கதீஜாவைக் கொன்றது. சல்மா மேசையில் கிடந்த ஹெட்போன் வயரைப் பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"மாமி," என்றாள் தாழ்ந்த குரலில். "அந்த வயரைப் புடுங்கினா வெளிய கேக்கும். வேணாம்னா நிறுத்திடறேன்."

அடுக்களையிலிருந்து கைருன்னிசா மீன் கறித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்து எட்டு. பிடுங்கினால் பெற்ற தகப்பன் தன்னைப் பற்றி எழுதியதை மகள் காதால் கேட்பாள். பிடுங்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத பெண் நாலு மணிக்குப் பழியோடு டாக்சி ஏறுவாள், இந்த மனிதர் வெள்ளிக்கிழமை சபையில் உட்கார்ந்து நியாயம் பேசுவார். கதீஜாவுக்கு இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டார்கள்.

வயரைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

டக். டக். "வலிப்பு... வந்துச்சு... மறைச்சு... கட்டி... வைக்கப் பாக்குறாங்க..."

ஷேக் தாவூதின் குரல் அந்த அறை முழுக்க வந்தது. அவர் ரெக்கார்டரைப் பாய்ந்து பிடித்தார், எந்தப் பொத்தான் என்று தெரியாமல் தடவினார். சல்மாதான் நிறுத்தினாள்.

கைருன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாப்பா. அது உங்க குரல்தானே."

அவர் தொப்பியைக் கழற்றினார். முகத்தைத் துடைத்தார். இத்தனை நேரம் நிமிர்ந்திருந்தவர் ஒரு கணத்தில் கிழவராகிப் போனார்.

"அந்த வீட்டுக்கு நீ போகக் கூடாதும்மா."

"நீங்க பாத்த எடம்தானே."

"நான் பாத்த எடம்தான். பேசி முடிச்சதுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

"என்ன தெரிஞ்சுச்சு? நேரா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. என் பேரை எதுக்கு நாசம் பண்ணுனீங்க?"

"நேரா சொல்ல முடியாது கைரு. உங்க உம்மாவை வச்சுக்கிட்டு முடியவே முடியாது. ஏன்னு மட்டும் கேக்காத."

கதீஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கைருன்னிசா தட்டை மேசையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தகப்பனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கத்தான் போறேன் வாப்பா," என்றாள். "மதினி, மிஷின்ல புது கேசட் ஒண்ணு போடுங்க."

சல்மா மாமியாரைப் பார்த்தாள். கதீஜா சுவரிலிருந்து கையை எடுக்காமலேயே, போடு என்று தலையை அசைத்தாள்.